தீபாவளிக்குப் பிள்ளைக்கு என்ன வாங்கப் போகிறீர்கள்?



தீபாவளி நெருங்கி வருகிறது. கையில் காசு வரும் முன்பே அது எங்கெங்கே போக வேண்டும் என்று நாம் கணக்குப் போட்டுவிடுகிறோம். புதுத் துணி, பலகாரச் சாமான், கடைப் பாக்கி, பிறகு பிள்ளைக்கு ஒரு விளையாட்டுச் சாமான். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, எலிக் காய்ச்சல் என்று எழுதி வரும் இந்தப் பகுதியில் இம்முறை பொம்மையைப் பற்றி எழுதப் போகிறேன். "டிரஸருக்கு வேறு வேலை இல்லையா?" என்று சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலை. ஒரு தகப்பன் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மருந்தகத்துக்கு ஓடி வந்தார். "ஐயா, காலையிலேருந்து எச்சி ஒழுகிக்கிட்டே இருக்கு. கஞ்சி உள்ளே எறங்க மாட்டேங்குது. பல்லு மொளைக்குதான்னு பாருங்க" என்றார். வாயைப் பார்த்தேன், பல் காரணமாகத் தெரியவில்லை. பின்னால் வந்த பாட்டியிடம், "நேற்று பிள்ளை எதை வைத்து விளையாடியது?" என்று கேட்டேன். "மினுக்கு மினுக்குன்னு எரியுற வாத்துப் பொம்மை ஐயா. ராத்திரியிலேருந்து அது எரியல" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆள் அனுப்பிப் பொம்மையை எடுத்து வரச் சொன்னேன். பின்மூடியைக் காணோம். உள்ளே இருக்க வேண்டிய, சட்டைப் பொத்தான் போன்ற தட்டையான பேட்டரியையும் காணோம்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். பேட்டரி உணவுக் குழாயில் சிக்கியிருந்தது. எடுத்துவிட்டார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் வாரக்கணக்கில் குழாய் வழியாகத்தான் ஆகாரம். இன்றைக்கும் மற்றப் பிள்ளைகள் போல் அதனால் சோறு தின்ன முடியவில்லை, குழைத்துத்தான் கொடுக்கிறார்கள். அந்தப் பொம்மையின் விலை ஐந்து வெள்ளி.

அந்தத் தகப்பனை நான் குற்றம் சொல்ல மாட்டேன். பிள்ளை சிரிக்க வேண்டும் என்று ஆசையாய் வாங்கினார். பொத்தான் பேட்டரி ஈரமான சதையில் ஒட்டிக்கொண்டால் அதன் மின்சாரம் அந்த இடத்தில் காரத்தை உண்டாக்கி, இரண்டே மணி நேரத்தில் சதையை அரித்துவிடும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? நாம்தான் சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் இப்போது எழுதுகிறேன். பேட்டரியை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். எக்ஸ்ரே உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடுங்கள். அதே மாதிரி பேட்டரி இன்னொன்றோ, அதன் அட்டையோ இருந்தால் அதையும் கையோடு கொண்டு போங்கள்.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

நம் நாட்டில் இதற்குச் சட்டம் இருக்கிறது. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2009-இல் பொம்மைகளுக்கான பாதுகாப்பு விதிகள் வந்தன. விதிப்படி சோதிக்கப்பட்ட பொம்மையில் 'எம்.சி.' என்ற முத்திரை இருக்க வேண்டும். பசார் மாலாமில் தார்ப்பாயில் கொட்டி விற்கும் சாமானில் முதலில் இதைத் தேடுங்கள். இல்லையென்றால், மலிவு என்பதற்காக வாங்காதீர்கள். முத்திரையோடு நிறுத்திவிடாமல், கீழ்க்கண்டவற்றையும் உங்கள் கையாலேயே சோதித்துப் பாருங்கள்.

ஒன்று: பேட்டரி மூடி திருகாணி போட்டு இறுக்கியிருக்க வேண்டும். நகத்தால் திறக்க முடிகிற மூடி என்றால் வேண்டாம்.

இரண்டு: மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குச் சின்னச் சாமான் ஆகாது. அந்த வயதில் எதைக் கண்டாலும் வாய்க்குத்தான் போகும். டிஷ்யூ சுருள் தீர்ந்ததும் மிஞ்சுகிற அட்டைக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நுழைகிற எந்தச் சாமானும் பிள்ளையின் தொண்டையை அடைக்கக் கூடியதுதான். கோலி, மணி, பொம்மையின் கழன்ற கண், உடைந்த சக்கரம், எல்லாம் இதில் சேரும். வெடித்த பலூன் துண்டு இவற்றைவிட மோசம். தொண்டையில் போய் அப்பிக்கொள்ளும்.

மூன்று: காந்தம். இரண்டு காந்த உருண்டைகளை விழுங்கினால் குடலுக்குள்ளே ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து, நடுவில் அகப்பட்ட குடலை ஓட்டையாக்கிவிடும். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வண்ண உருண்டைகளும் அப்படித்தான், வயிற்றுக்குள்ளேயும் ஊதும்.

நான்கு: தொண்டையில் அடைத்து, பிள்ளை அழவும் இருமவும் முடியாமல் நீலம் பாய்ந்தால், கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை முன்கையில் தலை தாழக் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கை அடியால் ஐந்து தட்டு. பிறகு மல்லாத்தி நெஞ்சின் நடுவில் ஐந்து அழுத்து. அடைப்பு நீங்கும்வரை மாறி மாறிச் செய்யுங்கள். அதற்குள் இன்னொருவர் 999-ஐ அழைக்கட்டும். பெரிய பிள்ளைக்குச் செய்யும் முறையை மருந்தகத்துக்கு வந்தால் கைப்படக் காட்டித் தருகிறேன்.

பழைய விளையாட்டு எல்லாம் பத்திரமா?

"அந்தக் காலத்துல எங்களுக்கு என்ன பொம்மை இருந்துச்சு? நாங்க வளரலையா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நானும் பால்மரத் தோட்டத்தில் பிறந்தவன்தான். ஒட்டுப்பாலைச் சுற்றிச் சுற்றிப் பந்து செய்திருக்கிறேன். ரப்பர்க் கொட்டையைக் கல்லில் தேய்த்துப் பக்கத்தில் இருப்பவன் கையில் சூடு வைத்து அடி வாங்கியிருக்கிறேன். பாக்கு மட்டையில் தங்கையை உட்கார வைத்து லயத்து வாசலில் இழுத்திருக்கிறேன். அந்த விளையாட்டில் ஓட்டமும் இருந்தது, கை வேலையும் இருந்தது, பேச்சும் இருந்தது.

ஆனால் ரப்பர்க் கொட்டையின் பருப்பைப் பச்சையாகத் தின்றால் சயனைடு விஷம் என்பதை மறக்காதீர்கள். சிவப்பு மஞ்சாடி வேறு, கறுப்புக் கண் வைத்த குண்டுமணி வேறு. குண்டுமணியை மென்றால் உயிருக்கே ஆபத்து. அதைக் கோத்த மாலையைப் பிள்ளை கையில் கொடுக்கவே கூடாது. நம் காம்பார்ப் பக்கம் பழைய ஈய லம்பத்துக் குட்டைகள் எத்தனை கிடக்கின்றன! பந்து அதில் விழுந்தால் போனது போகட்டும். பிள்ளையை எடுக்க விடாதீர்கள். பழையது என்பதாலேயே நல்லதாகிவிடாது. புதியது என்பதாலேயே அறிவு வளர்ந்துவிடாது.

அறிவு வளர்க்கும் பொம்மை எது?

பொத்தானை அழுத்தினால் ஏ பி சி பாடும் பொம்மை நூறு வெள்ளி. "கல்விப் பொம்மை" என்று பெட்டியில் எழுதியிருக்கிறான். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் 26 குழந்தைகளையும் அவர்களின் பெற்றோரையும் வைத்து ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். 2016-இல் அது அச்சில் வந்தது. பேசுகிற பொம்மையோடு விளையாடும்போது தாய் தகப்பன் பேச்சு குறைந்துவிட்டது. படப் புத்தகத்தோடு இருந்தபோது பேச்சு கூடியது. பொம்மை பேசினால் நாம் வாயை மூடிக்கொள்கிறோம். பிள்ளைக்குப் பேச்சு வருவதோ நம் வாயைப் பார்த்து!

இன்னொன்று சொல்கிறேன். ஜமைக்கா என்று ஒரு தீவு. நம் முன்னோர் இங்கே ரப்பர்க் காட்டுக்கு வந்தது போல, 1845 முதல் அங்கே கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியர்கள் கூலிகளாகப் போனார்கள். அந்தத் தீவின் கிங்ஸ்டன் நகரில் 1986-87-இல் டாக்டர் சாலி கிராந்தம்-மெக்ரெகர் குழுவினர், போதிய வளர்ச்சியில்லாத 129 ஏழைக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டு, சுகாதார ஊழியர் போனார். டாக்டர் அல்ல, என்னைப் போன்ற சாதாரண ஊழியர்தான். கையில் கொண்டுபோனதோ தூக்கி எறியும் புட்டி, மூடி, அட்டைப் பெட்டியில் செய்த விளையாட்டுச் சாமான். தாய்க்கு எப்படிப் பேசி விளையாடுவது என்று காட்டிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

இருபது ஆண்டு கழித்துப் பார்த்தார்கள். 2014-இல் முடிவு வெளியானது. அப்படி விளையாடி வளர்ந்த பிள்ளைகளின் சம்பளம், அந்த உதவி கிடைக்காமல் வளர்ந்த அதே மாதிரிப் பிள்ளைகளின் சம்பளத்தைவிட 25 விழுக்காடு அதிகம்! சங்கம் போராடிச் சம்பளம் கூட்டுவதை நாம் அறிவோம். அட்டைப் பெட்டியும் தாயின் பேச்சும் சம்பளம் கூட்டியதை இங்கே பாருங்கள்.

அப்படியானால் வயதுக்கு ஏற்ப என்ன கொடுக்கலாம்? ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை: கழுவக்கூடிய மங்கு, கரண்டி, துணிப் பந்து, உங்கள் முகம். ஒன்று முதல் இரண்டு வரை: ஒன்றுக்குள் ஒன்று போகும் டப்பாக்கள், இழுத்து ஓடும் வண்டி, கெட்டி அட்டைப் படப் புத்தகம். மூன்று, நான்கு: சுண்ணக்கட்டி, மரக் கட்டைகள், பந்து, பழைய சட்டை போட்டு ஆடும் 'கிராணி - கங்காணி' விளையாட்டு. ஐந்துக்கு மேல்: பாண்டி, ஐந்தாங்கல், பல்லாங்குழி. பல்லாங்குழியும் மலாய்க்காரர் ஆடும் சொங்காக்கும் ஒரே இனம். எண்ணவும், முன்யோசனை செய்யவும், தன் முறைக்குப் பொறுத்திருக்கவும் கற்றுத் தருகின்றன. பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளையோடு சேர்ந்து ஆடட்டும். இரண்டு மொழியும் வரும்.

கைப்பேசிப் பால்புட்டி

இப்போது மனத்தில் உறுத்துவதைச் சொல்லிவிடுகிறேன். "ஐயா, போனைக் குடுத்தாத்தான் சோறு எறங்குது" என்று தாய்மார்கள் சொல்லாத நாளில்லை. நான் அவர்களுக்குப் புத்தி சொல்லத் தகுதியற்றவனாக இருந்தேன். இரவு அழைப்பு முடிந்து களைத்து வரும் நாட்களில் என் கடைக்குட்டியின் கையிலும் போனைக் கொடுத்துவிட்டுப் படுத்தவன்தான் நான். மூன்று வயது நெருங்கியும் அவன் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை. கிளினிக்கில் தாதி அவனுடைய சுகாதாரப் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்களே ஆஸ்பத்திரிக்காரர்" என்று மட்டும் சொன்னார். வெட்கமாக இருந்தது. அன்று முதல் போனை அலமாரிமேல் வைத்தோம். பேச்சுப் பயிற்சிக்கும் கூட்டிப் போனோம். முதல் ஒரு வாரம் வீடு போர்க்களம். பிறகு அவன் தட்டையும் மூடியையும் வைத்துக் கடை போட ஆரம்பித்தான். இன்று வாய் ஓயாமல் பேசுகிறான்.

பேச்சு தாமதமாக வேறு காரணங்களும் உண்டு. காது கேளாமையும் இருக்கலாம். ஆகவே போனைப் பிடுங்கிவிட்டுச் சும்மா இருக்காமல் கிளினிக்கிலும் காட்டுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அளவு இது: இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளை நாளுக்கு மூன்று மணி நேரமாவது ஓடியாட வேண்டும்.

"விடியற்காலை வேலைக்குப் போய் வெயிலில் வெந்து வருகிறோம், விளையாட எங்கே நேரம்?" என்பீர்கள். நியாயமான கேள்வி. செம்பனைக் குலை சுமந்த தோளுக்குப் பிள்ளையைச் சுமப்பதும் பாரம்தான். ஆனால் குளிப்பாட்டும்போது பேசலாம். துணி மடிக்கும்போது "இது அப்பா சட்டை, இது யாரு சட்டை?" என்று கேட்கலாம். தனி நேரம் வேண்டாம். செய்கிற வேலைக்குள்ளேயே பிள்ளையைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

மீதி நேரத்துக்குப் பொறுப்பு நிர்வாகத்துடையது, நம் சங்கக் கிளையுடையது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வசதி பற்றிய 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் எண் சட்டம் குழந்தைக் காப்பகத்தைப் பற்றியும் பேசுகிறது. ஆயாக் கொட்டகை என்றால் தூளி கட்டித் தூங்க வைக்கும் இடம் மட்டும்தானா? கிளைக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள்: கொட்டகைக்கு ஒரு விளையாட்டுப் பெட்டி, வேலி போட்ட நிழலான இடம், ஆயாவுக்கு முதலுதவிப் பயிற்சி. பயிற்சியை நான் கொடுக்கத் தயார். கொட்டகை மூடிவிட்ட தோட்டத்திலும், தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோன இடத்திலும், நாலு குடும்பம் சேர்ந்து கோயில் மண்டபத்தில் ஒரு பெட்டி வைக்கலாம். வாரம் ஒரு சாமானை வீட்டுக்குக் கொடுத்து, மறு வாரம் மாற்றிக்கொள்ளலாம். ஜமைக்காவில் செய்ததை நாம் செய்ய முடியாதா?

தோழர்களே! இந்தத் தீபாவளிக்குப் பிள்ளைக்கு ஒரு பந்தும் ஒரு படப் புத்தகமும் வாங்குங்கள். மிஞ்சிய காசைக் கையில் வையுங்கள். விருந்தாளிகள் போன பிறகு பத்து நிமிடம் தரையில் உட்கார்ந்து அந்தப் பந்தைப் பிள்ளை பக்கம் உருட்டிவிடுங்கள். அது திரும்ப உங்களிடம் உருண்டு வரும். வீட்டில் உள்ள பொம்மைகளின் பின்மூடியை மட்டும் இன்றிரவே ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதைத் தீபாவளி வரைக்கும் தள்ளிப் போடாதீர்கள்.