ஒரே காற்று, ஒரே களப்பு: கற்பிட்டியின் ‘சீசன்’ யாருக்கு?

மே மாத நடுப்பகுதியில் மாம்புரிக் கரையில் நின்று பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே சரியாகக் கேட்காது. சோளகம் தொடங்கிவிட்டிருக்கும். படகுகளை மணல்மேட்டுக்கு மேலே இழுத்து வைத்திருப்பார்கள். தலைக்கு மேலே காற்றாலைகள் ஓய்வில்லாமல் சுற்றும். அருகிலேயே நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி நிற்கும். அதன் இறங்குதுறையில் மட்டும் வேலை நடக்காது. கடல் கொந்தளிக்கும் இந்த மாதங்களில் கப்பலில் இருந்து நிலக்கரி இறக்க முடியாது என்பதால் செப்டெம்பர் வரைக்குமான கரியை முன்கூட்டியே கொண்டுவந்து குவித்துவிடுவார்கள்.

அதே வாரத்தில், அங்கிருந்து வடக்கே கப்பலடி, கண்டக்குழி, குடாவ பக்கத்து விடுதிகளில் ‘சீசன்’ தொடங்குகிறது. மீனவர் கடலுக்குப் போகாமல் வீட்டில் இருப்பதற்குக் காரணமான காற்றைத் தேடித்தான் ஐரோப்பாவில் இருந்து இளைஞர்கள் வந்து இறங்குகிறார்கள்.

‘சீசன்’ என்ற இந்தச் சொல்லின் பிறப்பிடம் பனிமலை என்று சொல்லலாம். அல்ப்ஸ் மலை விடுதிகளில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை ஒரு முழுக் குளிர்காலத்தையும் கழிப்பதற்கென்றே வரும் ஒரு கூட்டம் உண்டு. காலையில் சமையலறையிலோ கேபிள் கார் நிலையத்திலோ வேலை, மிச்ச நேரமெல்லாம் காலில் பலகையைக் கட்டிக்கொண்டு பனிச்சரிவில். பனி உருகியதும் அவர்களில் ஒரு பகுதியினர் கடலுக்கு வருகிறார்கள். பனிச்சறுக்குப் பலகையும் கைட் சேர்ஃபிங் பலகையும் கிட்டத்தட்ட உடன்பிறப்புகள். இரண்டிலும் கால்கள் பலகையோடு பிணைந்திருக்கும், உடல் பக்கவாட்டில் திரும்பியிருக்கும், திருப்புவதும் நிறுத்துவதும் பலகையின் விளிம்பால்தான். ஒன்றில் மலைச்சரிவு கீழே இழுக்கிறது, மற்றதில் காற்றாடி முன்னே இழுக்கிறது. காற்று ஊதி நிரப்பும் விளிம்புடைய, தண்ணீரில் விழுந்தாலும் மறுபடி எழும் காற்றாடிக்கு பிரான்ஸின் லெகேன்யூ சகோதரர்கள் 1984இல் காப்புரிமை பெற்றார்கள். அதிலிருந்துதான் இன்றைய விளையாட்டு வளர்ந்தது. பனிச்சறுக்குப் பலகை 1998இல் நாகானோவில் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. காற்றாடிக்கு 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

கற்பிட்டியை இந்த விளையாட்டின் உலக வரைபடத்தில் ஏற்றியது அதன் நில அமைப்பு. ஒரு பக்கம் இந்து சமுத்திரம், மறு பக்கம் புத்தளம் களப்பு, இடையில் ஒடுங்கிய மணல் நாக்கு. மணல்திட்டின் பின்னால் தண்ணீர் இடுப்பளவுதான், அலையும் இல்லை. அதற்கு மேலே தடையில்லாமல் காற்று வீசுகிறது. முதன்முதலாகப் பழகுபவருக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் அரிது. காற்றுக்கு இரண்டு பருவங்கள். மே முதல் ஒக்டோபர் வரை பலமான தென்மேல் காற்று. டிசம்பர் நடுவில் இருந்து மார்ச் வரை சற்று மென்மையான வாடை. இரண்டாவது பருவம் ஐரோப்பியரின் குளிர்காலத்தோடு சேர்ந்து வருவதால் பனிக்குப் பதில் வெயிலைத் தேர்ந்தெடுப்பவர்களும் வருகிறார்கள்.

வாடைப் பருவத்தில் பெரிய உரசல் இருப்பதில்லை. மேற்குக் கடல் அப்போது அமைதியாக இருக்கும். மீனவர் கடலில் இருப்பார்கள். நீர்கொழும்பு, சிலாபத்தில் இருந்து வந்து வாடி போட்டுத் தங்கும் குடும்பங்களும் தொழில் செய்யும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை டொல்பின், திமிங்கிலம் பார்க்கப் பயணிகளைக் கூட்டிச் செல்வதால் சில படகுகளுக்கு மேலதிக வருமானமும் உண்டு.

சிக்கல் சோளகத்தில்தான். வெளிக்கடல் மூடிக்கொள்ளும்போது மீனவருக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, முல்லைத்தீவு, திருகோணமலை என்று கிழக்குக் கரைக்கு இடம்பெயர்வது. அந்தப் பருவ இடப்பெயர்வு கொக்கிளாய் போன்ற இடங்களில் எப்படிப்பட்ட அரசியலாக மாறியிருக்கிறது என்பதைத் தமிழ் வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றது, களப்புக்குள் திரும்புவது: ஆழமற்ற தண்ணீரில் சிறு வலை, இறால், நண்டு. வருமானம் குறைவு, ஆனால் வீட்டில் அடுப்பெரியும். காற்றாடிக்காரர் தேடுவதும் ஆழமற்ற, அலையில்லாத தண்ணீரைத்தான். ஒரே காற்று இரு தரப்பையும் ஒரே களப்புக்குள் தள்ளுகிறது. காற்றாடியில் இருந்து இறங்கும் கயிறு இருபது மீற்றருக்கு மேல் நீளம். பலகை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் தடத்தில் ஒரு வலை விரிந்திருந்தால் வலையும் போகும், ஓட்டுபவரின் காலும் போகலாம். இதைப் பகை என்று வர்ணிப்பது மிகை. இது இட நெருக்கடி. அதைத் தீர்க்க வேண்டியவர்கள் அதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதே பிரச்சினை.

சீசனால் ஊருக்கு நன்மையே இல்லை என்று எழுதுவது நேர்மையாகாது. மீனவக் குடும்பத்து இளைஞர்கள் சிலர் இன்று சர்வதேசச் சான்றிதழ் பெற்ற பயிற்றுநர்கள். காற்றையும் நீரோட்டத்தையும் பிறந்ததில் இருந்து படித்தவர்கள் அவர்கள், மொழியைப் பிறகு கற்றுக்கொண்டார்கள். ஓட்டோக்காரர், கடைக்காரர், சமையற்காரர், சலவை செய்யும் பெண் என்று பணம் பல கைகளுக்குப் போகிறது. ஆனால் அந்தப் பணம் எந்த நிபந்தனையில் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இங்கே சுவிற்சர்லாந்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பொருத்தம். அந்த நாட்டு ஹோட்டல்களின் சமையலறைகளில் எமது உறவினர்கள் இரண்டு தலைமுறையாக வேலை செய்கிறார்கள். அங்கே பனிக்கால விடுதியில் நான்கு மாதம் பாத்திரம் கழுவ வருபவருக்கும் விருந்தோம்பல் துறைக்கான தேசியக் கூட்டு ஒப்பந்தம் பொருந்தும். பயிற்சித் தகுதி எதுவும் இல்லாதவருக்கே மாதம் 3,600 பிராங்குக்கு மேல் அடிப்படைச் சம்பளம். வேலை நேரம், விடுமுறை, பதின்மூன்றாவது மாதச் சம்பளம் எல்லாம் எழுத்தில் உண்டு. இது முதலாளிகளின் தாராளத்தால் வந்ததல்ல, தொழிற்சங்கங்கள் பேசிப் பெற்றது.

கற்பிட்டியில் அதே பாத்திரத்தைக் கழுவுபவருக்குச் சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையின் தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாக்கப்பட்டு, 2026 ஜனவரியில் இருந்து 30,000 ரூபா ஆனது. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம் செலுத்த வேண்டும். நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 வீதம். இவை தற்காலிக, அமைய ஊழியருக்கும் முதல் நாளில் இருந்தே பொருந்தும். பலர் நினைப்பதுபோல ‘நிரந்தரம்’ ஆன பிறகுதான் என்றில்லை. ஆகவே சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. சிறு விடுதி, சிறு கைட் பள்ளி, நாளாந்தக் கூலி, வாய்ப்பேச்சு ஒப்பந்தம் என்று இயங்கும் தொழிலில் அந்தச் சட்டம் வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை. காற்று நின்றதும் வேலையும் நிற்கிறது. அந்த இடைவெளிக்கு ஒருவரும் பொறுப்பில்லை.

நிலத்தின் கதை இன்னும் பழையது. போர் முடிவதற்கு முன்பே, 2008 அளவில், கற்பிட்டியின் 14 தீவுகளை மையமாக வைத்து ஒருங்கிணைந்த சுற்றுலா வலயம் ஒன்று திட்டமிடப்பட்டது. ஆயிரக்கணக்கான அறைகள், உள்நாட்டு விமான நிலையம், கோல்ஃப் மைதானம் எல்லாம் வரைபடத்தில் இருந்தன. கரைக்குப் போகும் வழி அடைபடும், வாடி போடும் இடம் பறிபோகும் என்று மீனவ அமைப்புகள் எதிர்த்தன. திட்டம் வரைந்தபடி எழவில்லை. ஆனால் வேலிகள் எழுந்தன. கருவாடு காய வைக்கும் இடமும் கரைவலை இழுக்கும் இடமும் உறுதியில் எழுதப்பட்டிருக்காது, அது வழக்கம். வேலி போடுபவரிடம் எழுத்து இருக்கும். வெளிநாட்டவருக்கும் பாதிக்குக் குறையாத வெளிநாட்டுப் பங்குள்ள கம்பனிகளுக்கும் காணி கைமாற்றுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. குத்தகைக்கும் உள்ளூர்ப் பங்காளியின் பெயருக்கும் அது பெரிய தடையில்லை.

பணக்கார நாட்டு மலைக்கிராமங்களுக்கும் இதே காய்ச்சல் வந்தது. விடுமுறை வீடுகளால் ஊர்க்காரருக்கே வீடு கிடைக்காமல் போனபோது சுவிஸ் மக்கள் 2012 மார்ச்சில் வாக்களித்து, ஒரு கிராமத்தின் வீடுகளில் 20 வீதத்துக்கு மேல் இரண்டாம் வீடுகளாக இருக்கக் கூடாது என்று அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். மயிரிழையில்தான் வென்றது. ஆனாலும் கேள்வி மக்களிடம் போனது.

எமது நாட்டில் இந்தக் கேள்வி வேறு முகத்தோடு வெளிவருகிறது. 2024 பெப்ரவரியில் உனவட்டுனவில் ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஒரு கொண்டாட்டம் நாடளாவிய கோபத்தைக் கிளப்பியது. அந்த நாட்களிலேயே ரஷ்ய, உக்ரைனியப் பயணிகளுக்கு 2022இல் இருந்து கொடுத்துவந்த வீசா நீடிப்பை நிறுத்துவதாகக் குடிவரவுத் திணைக்களம் அறிவித்தது. சுற்றுலா வீசாவில் வந்து கடை, விடுதி, பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள் என்பதே தெற்குக் கரையின் முறைப்பாடு. அதே ஆண்டு ஒக்டோபரில் அறுகம்பை பற்றி அமெரிக்கத் தூதரகம் விடுத்த எச்சரிக்கைக்குப் பிறகு, அலைச்சறுக்குக்காக இஸ்ரேலியர் தங்கும் அந்த முஸ்லிம் கிராமத்தின் பெயர் உலகச் செய்தியானது. இரண்டு சம்பவங்களையும் எமது ஊடகங்கள் ‘வெளிநாட்டவர் ஊடுருவல்’ என்ற ஒற்றை வரியில் அடக்கின. நான் அதில் பாதிதான் உடன்படுகிறேன். சுற்றுலா வீசாவில் வகுப்பெடுப்பது சட்டவிரோதம், உள்ளூர்ப் பயிற்றுநரின் வயிற்றில் அடிப்பது. தடுக்க வேண்டியதுதான். ஆனால் சேமலாப நிதி கட்டாத முதலாளிகளில் உள்ளூர்க்காரரும் இருக்கிறார்கள். பாதையை அடைக்கும் வேலிக்குக் கடவுச்சீட்டு கிடையாது.

சீசனை நம்பும் எந்த ஊருக்கும் இன்னொரு பயமும் இருக்கிறது, வானிலை. காஷ்மீரின் குல்மார்க்கில் 2024 ஜனவரியில் பனியே இல்லை. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் நடக்கவிருந்த தேசியப் பனிக்கால விளையாட்டுகள் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. அல்ப்ஸில் இயந்திரத்தால் பனி தயாரித்துத் தெளிக்கிறார்கள். 2022 பெய்ஜிங் பனிக்கால ஒலிம்பிக் கிட்டத்தட்ட முழுவதும் செயற்கைப் பனியில் நடந்தது. காற்றைத் தயாரிக்க முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளம் மோசமாகப் பாதித்த மாவட்டங்களில் புத்தளமும் ஒன்று. அப்போது வாடைப் பருவம் தொடங்க இரண்டு மூன்று வாரங்களே இருந்தன.

மாம்புரிக்குத் திரும்புவோம், ஏனென்றால் காற்றுக்கு விலை இருக்கிறது என்பதை நாட்டுக்கு முதலில் காட்டிய இடங்களில் அது ஒன்று. ஹம்பாந்தோட்டையில் 1999இல் மின்சார சபை அமைத்த 3 மெகாவொட் முன்னோடித் திட்டத்துக்குப் பிறகு, வணிக அளவிலான முதலாவது காற்றாலை 2010இல் மாம்புரியில்தான் இயங்கத் தொடங்கியது, 10 மெகாவொட் கொள்ளளவோடு. பிறகு மன்னாரில் 103.5 மெகாவொட் தம்பபவனி வந்தது. அங்கே மேலும் காற்றாலைகள் வேண்டாம் என்று 2025 ஆகஸ்டில் மக்கள் வீதிக்கு இறங்கியதும் நடந்தது. காற்றில் இருந்து வரும் ஒவ்வொரு அலகு மின்சாரத்துக்கும் ஒப்பந்த விலை எழுதப்பட்டிருக்கிறது. 900 மெகாவொட் நுரைச்சோலை நிலையத்தின் கரிக்கும் கேள்விப்பத்திரம், கப்பல் அட்டவணை, இறக்கும் மாதங்கள் என்று ஒரு பருவ நாட்காட்டி உண்டு. கப்பல் தாமதமானால் அமைச்சர் பாராளுமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதே காற்றில் கரித்தூளும் சாம்பலும் பறந்து தம் வீடுகளுக்கு வருவதாகச் சொல்லும் மக்களின் முறைப்பாடுகளுக்கு அப்படியொரு நாட்காட்டி இல்லை. மே முதல் ஒக்டோபர் வரை களப்பை யார், எங்கே, எந்நேரம் பயன்படுத்துவது என்பதற்கும் பொதுவான ஓர் ஒழுங்கு கிடையாது.

இதற்குப் பெரிய சட்டம் எதுவும் தேவைப்படாது. 2025 மே உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பிறகு கற்பிட்டிப் பிரதேச சபையில் மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர்கள் மீண்டும் அமர்ந்திருக்கிறார்கள். சுற்றுலா அதிகாரசபை அங்கீகரித்த விடுதிகளிடம் ஆண்டு வரவில் 1 வீதம் வரை உரிமக் கட்டணம் அறவிடப் பிரதேச சபைகளுக்கு அதிகாரம் உண்டு. பதிவு செய்யாத விடுதியிடம் அதையும் பெற முடியாது. எனவே முதல் வேலை பதிவு. ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்கும்போது ஊழியர் சேமலாப நிதிப் பற்றுச்சீட்டைக் கேட்பது இரண்டாவது. மூன்றாவது வேலைக்கு ஒரு படகும் சில மிதவைகளும் போதும். மீனவர் சங்கங்களும் கைட் பள்ளிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து, வலை விரிக்கும் பகுதி இது, காற்றாடி பறக்கும் பகுதி இது, படகு போகும் வழி இது என்று களப்பில் குறித்துவிட வேண்டும். ஏப்ரல் முடிவதற்குள் அதைச் செய்யாவிட்டால் காற்று காத்திருக்காது. படகுகளை மேலே இழுத்த மறுவாரமே களப்பில் வலையும் காற்றாடியும் சேர்ந்து இறங்கிவிடும்.