தலைப்புள்ளியை நம்பிக் குஞ்சு வாங்கலாமா?

கேள்வி: 'தலையில் வெள்ளைப் புள்ளி இருந்தால் சேவல், இல்லாவிட்டால் பெட்டை' என்று சொல்லி, பொறுக்கியெடுத்த பெட்டைக் குஞ்சுகளுக்குக் கூடுதல் விலை கேட்கிறார் வியாபாரி. முட்டைக்காக மகளிர் குழுவுக்கு 100 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் தேவை. அவர் சொல்வதை நம்பலாமா?
- வாசகி, திண்டிவனம்.

பதில்: தலைப்புள்ளி அடையாளம் பொய்யல்ல. ஆனால், குறிப்பிட்ட ஒரு கலப்பில் பிறந்த குஞ்சுகளில்தான் அது சரியாக இருக்கும். தாயும் தந்தையும் என்ன நிறம் என்று தெரியாத நாட்டுக்கோழிக் குஞ்சுக்கு, இதை நம்பிக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

மனிதர்களில் பிள்ளை ஆணா, பெண்ணா என்பது தந்தையால் முடிவாகிறது. கோழியில் அது தாயால் முடிவாகிறது. சேவலிடம் 'இசட்' என்ற குரோமோசோம் இரண்டு உண்டு. பெட்டையிடம் ஒரு 'இசட்', ஒரு 'டபிள்யூ' உண்டு. பெட்டை தன்னிடம் இருக்கும் ஒரே 'இசட்'டை ஆண் குஞ்சுக்குத்தான் கொடுக்கும். பெண் குஞ்சுக்கு 'டபிள்யூ'வைக் கொடுத்துவிடுவதால், அதற்கு 'இசட்' தந்தையிடம் இருந்து மட்டுமே வரும்.

கறுப்பு இறகில் குறுக்கே வெள்ளை வரி விழச் செய்யும் மரபணு இந்த 'இசட்'டில்தான் இருக்கிறது. பிளைமவுத் ராக் இனத்தின் வரிக்கோழி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வரியுள்ள பெட்டையோடு, வரியில்லாத கறுப்பு அல்லது ரோட் ஐலண்ட் ரெட் சேவலைச் சேர்த்தால், தாயின் வரி ஆண் குஞ்சுகளுக்குப் போகும். பெண் குஞ்சுகள் தந்தையைப்போல வரியில்லாமல் வளரும். பொரித்த அன்று எல்லாக் குஞ்சுகளும் கறுப்பாகவே இருக்கும். வரி வரப்போகும் ஆண் குஞ்சின் உச்சந்தலையில் மட்டும் வெள்ளைப் புள்ளி தெரியும். வயிற்றிலும் இறக்கை நுனியிலும் உள்ள வெள்ளை கணக்கில் வராது.

இந்த அடையாளத்தின் அருமை முதல் உலகப்போர் காலத்தில் தெரிந்தது. தீவனம் தட்டுப்பட்ட அந்த நாளில், முட்டைப் பண்ணைக்கு உதவாத சேவல் குஞ்சுகளை முதல் நாளே நிறம் பார்த்துப் பிரித்துவிடலாம் என்று இங்கிலாந்தின் மரபியல் அறிஞர் புன்னெட் யோசனை சொன்னார்.

மூன்று இடங்களில் இது கைவிட்டுவிடும்.

1. கலப்பைத் திருப்பிப் போட்டால்: தலைமுறையாக வரி மாறாமல் வரும் சேவலோடு வரியில்லாத பெட்டையைச் சேர்த்தால், ஆண், பெண் இரண்டுக்குமே வரி வரும். பிரிக்க முடியாது.

2. அடுத்த தலைமுறையில்: கலப்பில் பிறந்த சேவலையும் பெட்டையையும் தங்களுக்குள் சேர்த்தால், ஆணிலும் பாதிக்கு வரி வரும், பெண்ணிலும் பாதிக்கு வரும். புள்ளி எதையும் சொல்லாது.

3. குஞ்சின் ரோமம் கறுப்பாக இல்லாவிட்டால்: வெள்ளை லெக்ஹார்ன் கலந்த மஞ்சள் குஞ்சிலும், முதுகில் பழுப்புக் கோடு ஓடும் நாட்டுக்கோழிக் குஞ்சிலும் புள்ளியை நம்பிப் பிரிக்க முடியாது.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் சிறுவிடை, பெருவிடை, கலப்புக் கோழி எல்லாம் ஒரே தெருவில்தான் மேய்கின்றன. எந்த முட்டைக்கு எந்தச் சேவல் தந்தை என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் குஞ்சுகளில் புள்ளி பார்ப்பது, காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதற்குச் சமம். 'நீள முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை' என்பதும் அப்படித்தான். முட்டையின் வடிவத்துக்கும் குஞ்சின் பாலினத்துக்கும் தொடர்பில்லை.

நாட்டுக்கோழியில் நம்பகமான அடையாளம் வளர வளரத்தான் தெரியும். 6 முதல் 8 வாரத்தில் சேவல் குஞ்சின் கொண்டை பெரிதாகிச் சிவக்கும். கால் தடிக்கும். அதன் பிறகு கழுத்திலும் இடுப்பிலும் கூரான, பளபளக்கும் இறகுகள் வரும். பெட்டையின் இறகு நுனி உருண்டையாக இருக்கும். அசில் போன்ற சிறு கொண்டை இனங்களில் இன்னும் சில வாரம் பொறுக்க வேண்டும்.

சொந்தமாகச் செய்து பார்க்க விரும்புபவர்கள், வரியில்லாத கறுப்புச் சேவல் ஒன்றையும், கறுப்பு வெள்ளை வரிப் பெட்டைகள் ஆறேழையும் தனியாக அடைக்க வேண்டும். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் சில வாரம் தங்கும். அதனால் முதல் 3 வாரத்து முட்டைகளைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, பிறகு வரும் முட்டைகளை அடை வைக்க வேண்டும். 21-ம் நாள் பொரிக்கும் குஞ்சுகளில் புள்ளி உள்ளவற்றின் காலில் நூல் கட்டி, 8-வது வாரம் சரிபார்க்கலாம். கால் பருக்கப் பருக்க நூலைத் தளர்த்திக் கட்டுவது அவசியம்.

100 குஞ்சுகளில் ஏறக்குறைய 50 சேவலாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் குழு கணக்குப் போட வேண்டும். நாட்டுக்கோழியில் அது முழு நஷ்டம் அல்ல. முட்டைக்கோழிப் பண்ணையைப்போல இங்கே சேவல் குஞ்சு வீணாவதில்லை. மாசியில் விடும் குஞ்சுகளில் வரும் சேவல்கள் ஆடித் திருவிழா நேரத்தில் விற்பனைக்கு வந்துவிடும். 8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல் என்று நிறுத்திக்கொண்டு மற்றதை விற்கலாம். அந்தப் பணம் பெட்டைகளின் தீவனச் செலவுக்குக் கைகொடுக்கும்.

வியாபாரியிடம் இரண்டு கேள்விகள் கேட்டால் போதும். 'தாய்க்கோழியையும் சேவலையும் காட்ட முடியுமா?' 'கூடுதல் விலையை 8-வது வாரம் பெட்டைகளை எண்ணிப் பார்த்துத் தரலாமா?' இரண்டுக்கும் சம்மதிக்காவிட்டால், பிரிக்காத குஞ்சுகளைப் பிரிக்காத விலைக்கே வாங்குவது நல்லது. குஞ்சு வாங்கும் முன் விழுப்புரத்தில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையத்திலோ, திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ நேரில் ஆலோசனை கேட்கலாம்.