கொட்டகையில் பிழைத்த சம்பங்கி... வெயிலுக்கு எப்போது மாற்றலாம்?

கேள்வி: ‘‘ஃபெஞ்சல் புயல் மழையில் எங்கள் 30 சென்ட் சம்பங்கித் தோட்டத்தில் நான்கு நாள்கள் தண்ணீர் நின்றது. அழுகாத தூர்களை மட்டும் தோண்டி எடுத்தோம். அதில் 60 தூர்களைத் தொட்டியிலும் சிமென்ட் சாக்கிலும் நட்டு, மாட்டுக்கொட்டகைத் தாழ்வாரத்தில் வைத்தோம். மீதிக் கிழங்குகளை இரண்டு மூட்டைகளாகக் கட்டி வைத்திருக்கிறோம். தொட்டியில் இருப்பவை வெளிர் பச்சையாக நீண்டு, சாய்ந்து கிடக்கின்றன. ‘எல்லாவற்றையும் இப்போதே வயலில் நட்டுவிடலாம்’ என்கிறார் வீட்டுக்காரர். ‘ஆடி வரை வெளியே எடுக்கக் கூடாது’ என்கிறார் மாமியார். எது சரி? பூ விற்ற காசில்தான் வாரச் செலவு ஓடிக்கொண்டிருந்தது.’’

- கோலியனூர் பகுதியிலிருந்து ஒரு வாசகி

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி சரி. தொட்டிச் செடிகளை வெளியே கொண்டு வர மாசி மாதம்தான் ஏற்ற நேரம். அதற்காக ஒரே நாளில் கொட்டகையிலிருந்து வயலுக்குக் கொண்டு போகக் கூடாது. வயல் நடவுக்கு ஆடியை ஒட்டிய பட்டம்தான் சிறந்தது. அதற்காக அதுவரை இருட்டில் வைத்திருந்தால், கிழங்கில் உள்ள சத்து தீர்ந்துவிடும்.

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. ஒரே நாளில் மயிலத்தில் மட்டும் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் நெல், கரும்பு, வாழை, பூ எனப் பலதும் தண்ணீரில் நின்றன. சம்பங்கிக் கிழங்குக்குக் காற்று வேண்டும். மண்ணில் தண்ணீர் தேங்கினால் முதலில் வேர் அழுகும். பிறகு கிழங்கின் அடித்தட்டு அழுகும். அந்த நேரத்தில் தூர்களைத் தோண்டி மேட்டில் வைத்தது நல்ல முடிவு. இனி, காப்பாற்றியதை இழக்காமல் இருப்பதுதான் முக்கியம்.

வெளிர் பச்சையாக நீண்டு சாய்ந்திருப்பது நோய் அல்ல. வெளிச்சத்தைத் தேடி இலை நீண்டிருக்கிறது, அவ்வளவுதான். நிழலில் வளர்ந்த இலையின் தோல் மெல்லியது. அதை நேரடி வெயிலில் வைத்தால் இரண்டே நாளில் நுனி கருகி, பிறகு இலை முழுவதும் வெளுத்துக் காயும். கிழங்கு உயிரோடு இருந்தால் புது இலை விடும். ஆனால், அந்தப் புது இலைக்கான சத்தைக் கிழங்குதான் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே வெள்ளத்தில் மெலிந்த கிழங்கு அது. இன்னொரு முறை இலையை இழந்தால், பூங்காம்பு வருவது தள்ளிப்போகும், வந்தாலும் சிறுத்திருக்கும்.

குளிர் நாடுகளில் இந்த வேலை ஆண்டுதோறும் நடக்கிறது. டூலிப், டாஃபோடில் போன்ற கிழங்குகளைத் தொட்டியில் நட்டு, கடுங்குளிரில் கூரைக்கு அடியில் வைக்கிறார்கள். வசந்தம் வந்ததும் முதலில் சுவர் ஓரமாக வைத்துப் பழக்கி, பிறகுதான் திறந்தவெளிக்கு மாற்றுகிறார்கள். சம்பங்கியின் பூர்வீகம் மெக்சிகோ. அது உறைபனி தாங்காது என்பதால், அங்கெல்லாம் பனிக்கு முன்பே தோண்டி வீட்டுக்குள் வைத்து, மண் சூடான பிறகு நடுகிறார்கள். அங்கே பனிக்குப் பயந்து உள்ளே வைப்பதை, இங்கே வெள்ளத்துக்குப் பயந்து வைத்திருக்கிறார்கள். வெளியே கொண்டு வரும் முறை ஒன்றுதான்.

முதலில் கிழங்கைச் சோதிக்க வேண்டும். தொட்டியின் ஓரத்து மண்ணை விரலால் விலக்கி, கிழங்கை அழுத்திப் பார்த்தால் கல் போல உறுதியாக இருக்க வேண்டும். மெத்தென்று அமுங்கினாலோ, புளித்த வாடை வந்தாலோ, அந்தத் தூரை மண்ணோடு அப்புறப்படுத்த வேண்டும். அதை எருக்குழியில் போடக் கூடாது. அழுகலை உண்டாக்கும் பூஞ்சணம் எரு வழியாகத் திரும்பவும் வயலுக்கு வந்துவிடும். சந்தேகமாக இருக்கும் ஒரு கிழங்கைக் குறுக்கே வெட்டிப் பார்க்கலாம். உள்ளே வெள்ளையாக இருந்தால் நல்லது. பழுப்பு வளையம் தெரிந்தால் ஆகாது.

அடுத்து, பத்து நாள் பழக்கம். முதல் மூன்று நாள்கள் வேப்பமரம் அல்லது மாமரத்தின் சல்லடை நிழலில் தொட்டிகளை வைக்க வேண்டும். மாலையில் மாற்றுவது நல்லது. நான்காம் நாளிலிருந்து காலை 9 மணி வரை வெயில் படலாம். ஏழாம் நாளிலிருந்து 11 மணி வரை படலாம். பத்து நாள்களுக்குப் பிறகு, முழு வெயிலில் விட்டுவிடலாம். இடையில் இலை நுனி வெளுத்தால், இரண்டு நாள்கள் நிழலுக்குத் திருப்பிவிட்டு மறுபடியும் தொடங்க வேண்டும். இந்த வேலையைப் பங்குனிக்குத் தள்ளக் கூடாது. அப்போது உச்சி வெயில் ஏறிவிடும். பழக்குவதற்கு இடைவெளி கிடைக்காது.

தொட்டிகளைச் சிமென்ட் தரையில் நேரடியாக வைத்தால் அடிச்சூடு வேரைத் தாக்கும். இரண்டு செங்கல் மீது தூக்கி வைத்தால் சூடும் ஏறாது, தண்ணீரும் வடியும். சிமென்ட் சாக்குகளின் அடியில் ஓட்டைகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு, காலை வேளையில் மட்டும் தண்ணீர் விட்டால் போதும். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். இரவில் இலை பனியில் நனைவதால், மாலையில் இலை மீது தண்ணீர் தெளிப்பதைத் தவிர்க்க வேண்டும். செடி வெளுத்திருக்கிறதே என்று யூரியா போட்டால், இன்னும் மெல்லிய இலைதான் வரும். கரும்பச்சையில் புது இலை வந்த பிறகு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் கொடுத்தால் போதுமானது.

மூட்டைகளைத்தான் உடனே கவனிக்க வேண்டும். கட்டிய மூட்டைக்குள் ஒரு கிழங்கு அழுகினாலும், அந்தப் புழுக்கத்தில் பக்கத்துக் கிழங்குகளும் கெடும். இன்றே அவிழ்த்து, காற்றோட்டமான நிழலில் ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். வாரம் ஒருமுறை புரட்டிவிட்டு, கெட்டதைப் பொறுக்க வேண்டும். 25 முதல் 30 கிராம் எடையுள்ள, உறுதியான கிழங்குகள் நடவுக்கு ஏற்றவை. சிறியவற்றைத் தனியாக எடுத்து, மேட்டுப்பாத்தியில் நெருக்கமாக நட்டு வளர்த்தால், அடுத்த ஆண்டுக்கு விதைக்கிழங்காகும். முளை கிளம்பிய கிழங்குகளையும் ஆடி வரை காத்திருக்க வைக்காமல், அந்தப் பாத்தியிலேயே நட்டுவிடலாம். முதல் பத்து நாள்களுக்குத் தென்னங்கீற்று நிழல் போதும்.

எவ்வளவு நிலத்துக்குக் கிழங்கு தேறும் என்பதையும் இப்போதே கணக்குப் பார்க்கலாம். வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், கிழங்குக்குக் கிழங்கு 20 சென்டிமீட்டர் என்றால், ஒரு சென்ட்டுக்குச் சுமார் 450 கிழங்குகள் வேண்டும். எடையில் அது 12 கிலோ அளவுக்கு வரும். கழித்தது போக 60 கிலோ நல்ல கிழங்கு தேறினால், 5 சென்ட் நடலாம். மீதி 25 சென்ட்டுக்கும் கடன் வாங்கிக் கிழங்கு வாங்கத் தேவையில்லை. இந்த 5 சென்ட்டும் மேட்டுப்பாத்தியும் சேர்ந்து பெருகினால், வெளியே வாங்க வேண்டிய கிழங்கு ஆண்டுக்கு ஆண்டு குறையும். காலியாக இருக்கும் நிலத்தில் செண்டுமல்லி போட்டால், இடையில் பூ வருமானம் வரும். சம்பங்கி வேரில் முடிச்சு உண்டாக்கும் நூற்புழுவும் குறையும்.

வயல் நடவுக்கு ஜூன், ஜூலை மாதங்கள் ஏற்றவை. நடுவதற்கு முன்பு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து, அதில் கிழங்குகளை அரை மணி நேரம் ஊற வைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். தண்ணீர் நின்ற அதே பள்ளத்தில் மறுபடியும் நடாமல், மேட்டுப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, பார் அமைத்து, பாரின் பக்கவாட்டில் நட வேண்டும். வயலைச் சுற்றி வடிகால் அவசியம். தோண்டிய தூர்களின் வேரில் முடிச்சு முடிச்சாகத் தெரிந்திருந்தால், வேரையும் மண்ணையும் திண்டிவனத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டி, ஆலோசனை பெற்ற பிறகு நடுவது நல்லது. நட்ட மூன்று, மூன்றரை மாதங்களில் பூ எடுக்கலாம்.

அந்த 60 தொட்டிகளில் பத்தை மட்டும் வயலுக்குக் கொண்டு போகாமல், வீட்டு வாசலிலேயே வளர்த்து வர வேண்டும். ஐப்பசி பிறந்ததும் அவற்றைத் தாழ்வாரத்துக்கு மாற்றி, மாசியில் மறுபடியும் பத்து நாள்கள் பழக்கி வெளியே வைக்கலாம். அடுத்த புயலில் வயல் மூழ்கினாலும், விதைக்கிழங்கு வீட்டில் இருக்கும்.