பழமும் படமும் போதாது

தீபாவளிக்கு முந்தைய வாரமும், உலக முதியோர் நாளான அக்டோபர் 1-ம் தேதியும் தமிழகத்து முதியோர் இல்லங்களில் ஒரே பரபரப்பாக இருக்கும். பள்ளிப் பேருந்து வந்து நிற்கும். சீருடையோடு இறங்கும் பிள்ளைகள் ஆளுக்கொரு வாழைப்பழமும் பிஸ்கட் பாக்கெட்டும் நீட்டுவார்கள். சர்க்கரை நோயாளியின் கையிலும் மைசூர்பாகு வந்து விழும், யாரும் கேட்பதில்லை. இரண்டு பாட்டு, ஒரு நடனம், பேனரோடு ஒரு குழுப் படம், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு வருவது வேறு வகுப்பு, வேறு முகங்கள். இதைத்தான் பள்ளி ஆண்டறிக்கைகள் ‘சமூக சேவை’ என்று எழுதிக்கொள்கின்றன. இந்தச் சடங்கைப் பள்ளிகள் நிறுத்திவிட்டு, பாடத்தோடு இணைந்து ஆண்டு முழுவதும் தொடரும் சந்திப்புகளாக மாற்ற வேண்டும்.

கல்வியாளர்கள் சேவைவழிக் கற்றல் என்று சொல்வது இதைத்தான். போவதற்கு முன் வகுப்பில் தயாரிப்பு, அங்கே உருப்படியான ஒரு வேலை, திரும்பி வந்து அதைப் பற்றி யோசித்து எழுதுவது என மூன்றும் சேர்ந்தால்தான் அது கல்வி.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பதினைந்து நாளைக்கு ஒருமுறை அதே பாட்டியைப் பார்க்கப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பாட்டிக்கு எண்பது வயது. 1964-ல் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனபோதும், அடுத்த ஆண்டு மாணவர்கள் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தெருவுக்கு வந்தபோதும் அவர் இளம்பெண். அரிசிக்கு அலைந்த அந்த நாள்களில் வீட்டில் என்ன சமைத்தார்கள், பஞ்சாலையில் என்ன கூலி, எதனால் பள்ளிப் படிப்பு நின்றது என்றெல்லாம் அவரால் சொல்ல முடியும். பாடநூலில் சில வரிகளில் முடிந்துபோகும் காலம் அது. மாணவி அதைக் கேட்டு எழுதினால் சமூக அறிவியலுக்குச் செயல்திட்டம் ஆயிற்று. தாலாட்டும் விடுகதையும் வட்டார வழக்கும் தமிழாசிரியருக்குக் கிடைக்கும் விருந்து. பதிலுக்கு அவள் செய்தித்தாள் வாசித்துக் காட்டலாம், வெளியூரில் இருக்கும் மகனோடு வீடியோ அழைப்பில் பேசவைக்கலாம். (வங்கிக் கணக்கும் ஓடிபி எண்ணும் மட்டும் பிள்ளைகள் கைக்குப் போகவே கூடாது.)

இதில் முக்கியமானது பாட்டி கொடுக்கும் இடத்துக்கு வருவதுதான். பிள்ளைகளை வளர்த்து, ஊருக்குச் சோறு போட்டு வாழ்ந்தவர்களை இல்லத்தில் வாங்கிக்கொள்பவர்களாக மட்டுமே நடத்துகிறோம். சோறு, மாத்திரை, சேலை, அனுதாபம் எல்லாமே பிறர் தருவதாக இருக்கிறது. தனக்குத் தெரிந்ததைக் கேட்க ஒரு பிள்ளை நோட்டோடு வந்து உட்கார்ந்தால் அவருடைய வாரத்துக்கு ஓர் எதிர்பார்ப்பு வந்துவிடும்.

டோக்கியோவின் எடோகாவா பகுதியில் ‘கோட்டோஎன்’ என்ற இடத்தில் முதியோர் இல்லமும் மழலையர் காப்பகமும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. முதியோரையும் ஆதரவற்ற குழந்தைகளையும் ஒரே வளாகத்தில் தங்கவைக்கும் ஒருங்கிணைந்த வளாகத் திட்டம் தமிழக அரசிடமே உண்டு. அந்த யோசனையைப் பள்ளிகளுக்கும் விரிக்கத்தான் கேட்கிறோம்.

படிப்பு கெடும் என்பார்கள் பெற்றோர். 1969-ல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் மேல்நிலைப் பள்ளிகளிலும் இருக்கிறது. அதில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். ஆகவே மேல்நிலை மாணவர்களுக்காவது புதிதாக நேரம் தேட வேண்டியதில்லை. விழிப்புணர்வுப் பேரணிகளில் பதாகை பிடிக்கும் நேரத்தில் ஒரு பகுதியை இங்கே திருப்பினாலே போதும்.

இன்னொரு அச்சம் நியாயமானது. பழகிய தாத்தா ஒருநாள் இறந்துபோவார். பிள்ளை அழும். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த அழுகை தெரியும். இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. இதை மறைக்கக் கூடாது. ஆசிரியர் முன்கூட்டியே பேசி, பின்பும் உடனிருக்க வேண்டும். மறதி நோய் உள்ளவர் ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டால் பத்து முறையும் முகம் சுளிக்காமல் பதில் சொல்ல, போவதற்கு முன்பே பழக்கவும் வேண்டும்.

விதிகள் கண்டிப்பாக இருக்கட்டும். ஆசிரியரோ பணியாளரோ கண்ணெதிரில் இல்லாமல் எந்தச் சந்திப்பும் கூடாது. சளி, காய்ச்சல் உள்ள பிள்ளை அன்று வரக் கூடாது. விருப்பமில்லாத முதியவரை யாரும் வற்புறுத்தக் கூடாது. படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போடுவதற்கு முழுத் தடை வேண்டும். முதியவர்களைக் குளிப்பாட்டுவது, கழிவறை சுத்தம் செய்வது போன்ற வேலைகளுக்கு மாணவர்களை நிறுத்தி, ஆள் பற்றாக்குறையை இல்லங்கள் சமாளிக்கவும் விடக் கூடாது. மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஏழை முதியோர் 150 பேராவது தங்கும் வகையில் மாநில அரசு இல்லம் அமைக்க 2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வழிசெய்கிறது. அது அரசின் கடமை; பிள்ளைகளின் தோளுக்கு மாற்ற முடியாது.

2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். 2031-ல் இது 18.2 சதவீதமாகும் என்கிறது மத்திய அரசின் மக்கள்தொகை மதிப்பீடு. இன்று பள்ளியில் இருப்பவர்கள்தான் நாளை மருத்துவர்களாக, செவிலியர்களாக, பேருந்து நடத்துநர்களாக இவர்களை எதிர்கொள்ளப் போகிறார்கள். பள்ளிக் கல்வித் துறையும் சமூக நலத் துறையும் கூடிப் பேசி, வரும் கல்வியாண்டு தொடங்குவதற்குள் அரசாணை வெளியிட வேண்டும். மாவட்டத்துக்குச் சில பள்ளிகள், அவற்றிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள இல்லங்கள் என்று தொடங்கினால் போதும். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடுகூடத் தேவைப்படாது.