எலும்பு முறிவும் விபத்துப் புத்தகமும்

மழை பெய்த மறுநாள் காலை, மேட்டு நிரையில் பால் வாளியோடு வழுக்கி விழுகிறார் ஒரு அம்மையார். வயது ஐம்பத்தைந்து. இடுப்பெலும்பு முறிகிறது. “வயதாகிவிட்டது, எலும்பு இற்றுப் போயிற்று, இதற்குத் தோட்டம் என்ன செய்யும்?” என்று நிர்வாகம் கையை விரிக்கிறது. சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் பக்கத்துத் தோழர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல.

எலும்பு ஏன் இற்றுப் போகிறது? அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் சேர்ந்த தாதுப்பொருள். கடினம் அதனால் வருவது. மிஞ்சியதில் பெரும்பகுதி புரத நார். வளைந்து கொடுப்பது அதன் வேலை. கோழிக்கால் எலும்பை ஒரு வாரம் வினிகரில் ஊறப் போடுங்கள். சுண்ணாம்பு கரைந்து எலும்பு வளையும். அடுப்பிலிட்டுச் சுட்டாலோ நார் எரிந்து, வடிவம் மட்டும் நிற்கும், அழுத்தினால் நொறுங்கும். நம் ரப்பரும் ஏறக்குறைய அப்படித்தான். கந்தகம் சிறிது சேர்ந்தால் டயர். நூற்றுக்கு முப்பது பங்கு சேர்ந்தால் எபோனைட் என்னும் கட்டை.

தாது தவறாகப் படிந்தாலும் கேடே. கிணற்று நீரின் புளோரைடு எலும்பில் ஏறி, முதுகும் மூட்டும் விறைத்துப் போனவர்களைப் பற்றி, அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்திலிருந்து 1937-இல் மருத்துவர்கள் எழுதினர். தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களும் இதே துன்பத்தை நெடுங்காலம் பட்டனர். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அவர்களுக்குக் காவிரி நீரைக் கொண்டு வந்தது. எலும்பின் நலம் அங்கே அரசாங்கத்தின் பொறுப்பாயிற்று.

நம்மிடம் உள்ளது பற்றாக்குறை. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். சோறும் ரசமும் டின் பால் தேநீரும் அதைத் தரா. உணவில் குறைந்ததை உடல் எலும்பிலிருந்து எடுக்கிறது, தீபாவளி அட்வான்ஸ் போல. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்தக் கடன் வேகமாக ஏறுகிறது. முள்ளோடு தின்னும் நெத்திலிக் கருவாடு, முருங்கைக் கீரை, கேழ்வரகுக் கூழ் இவை நல்லவை. வெற்றிலைச் சுண்ணாம்பு போதாதா என்று பாட்டிமார் கேட்பார்கள். போதாது, வாய்ப்புற்றுக்குத்தான் அது வழி. வெயிலும் வேண்டும். அதில் மேசையடியில் கிடக்கும் எங்களைப் போன்ற கிராணிகளுக்கே பஞ்சம்!

ஆனால் கீரை தின்னச் சொல்லிவிட்டு நிர்வாகம் ஒதுங்கிக்கொள்ள நாம் விடலாகாது. எலும்புக்கு முதல் சேர்வது முப்பது வயதுக்குள்தான். அந்த வயதில் ஆயாக் கொட்டகையில் பாலுக்குப் பதில் சர்க்கரைத் தேநீர் குடித்து வளர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? மெலிந்த எலும்பானாலும், வேலை நேரத்தில் நிரையில் விழுந்து முறிந்தால் அது வேலை விபத்தே என்பது நம் வாதம். அதை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிப்பது முதலாளியின் கடமை.

கிராணித் தோழர்களே! விபத்துப் புத்தகத்தில் ‘வயதின் கோளாறு’ என்று எழுதச் சொன்னால் எழுதாதீர்கள். விழுந்த இடம், நேரம், வழுக்கிய படி, கையிலிருந்த வாளியின் எடை, பார்த்தவர் பெயர் இவற்றை எழுதி, ஒரு நகலைக் கிளைச் செயலாளரிடம் அன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.