எழுதுகிற நோட்டு, கூட்டாத கணக்கு

அருப்புக்கோட்டையில் தறி ஓட்டுகிறவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைய கூலி போச்சு. டாக்டர் ஃபீஸுக்கு யோசித்து மெடிக்கலில் ரெண்டு வேளைக்கு மாத்திரை கேட்பார். திருச்சுழிப் பக்கமும் இதே கதைதான். ஆன்டிபயாடிக்கை இப்படி முழுங்கினால் கிருமி பழகிவிடும், மருந்து கேட்காது என்று அவரைத் திட்ட நிறையப் பேர் இருக்கிறார்கள். கணக்கு வைக்காத அரசாங்கத்தைத் திட்டத்தான் ஆளில்லை!

2014 மார்ச்சில் 'ஹெச்1' விதி அமலுக்கு வந்தது. செஃபிக்சிம், லீவோஃப்ளாக்சசின் மாதிரி மருந்தை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனி நோட்டில் ஏற வேண்டும். நோட்டு மூன்று வருஷம் இருக்க வேண்டும். நல்ல விதிதான். அப்புறம்? ஊருக்கு மொத்தம் எவ்வளவு என்று கூட்டச் சொல்லி அதில் ஒரு வரி கிடையாது. குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பேரேட்டுக்குக் கொண்டுபோகாவிட்டால் பி.காம். முதல் வருஷத்திலேயே மார்க் போய்விடும்.

ஐரோப்பாவில் 2001-லிருந்தே நாடுவாரியாக இந்தக் கணக்கு உண்டு. 2019-இல் நெதர்லாந்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல் கிரீஸ் சாப்பிட்டது தெரிந்தது அதனால்தான்.

இந்தியாவுக்கு அதே 2019-இல் ஆயிரம் பேருக்கு நாளொன்றுக்கு 10.4 டோஸ் என்று ஓர் ஆய்வு சொன்னது. குறைவுதானே என்று சந்தோஷப்பட வேண்டாம். அது தனியார் விற்பனை மட்டும். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாய்க் கொடுத்தது அதில் இல்லை. அதிகம் போன அசித்ரோமைசினோ முதலில் வந்த ஹெச்1 பட்டியலிலேயே இல்லை!

விருதுநகர் மாவட்டத்தில் மட்டுமாவது, அசித்ரோமைசினையும் சேர்த்து, மாசாமாசம் கூட்டி வெளியிடட்டும். நோட்டு ஏற்கெனவே கடையில்தானே கிடக்கிறது?