குரூப்பில் மருந்தளவு சொல்லாதீர்கள்

பெற்றோரே, வாட்ஸ்அப் குரூப்பில் கேட்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நடுராத்திரியில் பிள்ளைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தால் யாரிடமாவது கேட்கத்தான் தோன்றும். என் கோபமெல்லாம் பதில் சொல்கிறவர்கள் மேல்தான்.

"பாப்பாவுக்கு ஜுரம், என்ன கொடுக்கலாம்?" என்று ஒரு தாய் எழுதுகிறாள். அடுத்த நிமிடமே "பாராசிட்டமால் 5 மில்லி கொடுங்க சிஸ்" என்று பதில் விழுகிறது. பாப்பாவின் எடை என்னவென்று கேட்டீர்களா? அந்த வீட்டில் இருப்பது ட்ராப்ஸா, சிரப்பா என்றாவது கேட்டீர்களா? கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ட்ராப்ஸில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். இன்னொரு வகை சிரப்பில் அதே 5 மில்லிக்கு 250. நீங்கள் சொன்ன 5 மில்லியை அவள் ட்ராப்ஸ் பாட்டிலிலிருந்து ஊற்றினால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். டாக்டர்கள் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்று கணக்குப் போடுகிறார்கள். எட்டுக் கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 120-தான் உச்சம். நீங்கள் கொடுக்கச் சொன்னது அதைப்போல நான்கு மடங்கு! ஒரே நாளில் இதைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் அந்தப் பிஞ்சுக் கல்லீரல் தாங்குமா?

சிரப்பை மனதில் வைத்துத்தான் சொன்னேன் என்பீர்கள். உங்கள் மனதில் இருந்தது அவளுக்கு எப்படித் தெரியும்?

இன்னும் சிலர், தங்கள் பிள்ளைக்கு டாக்டர் எழுதிய பழைய சீட்டைப் படம் பிடித்துப் போடுகிறார்கள். குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தரக்கூடாதென்று லேபிளிலேயே அச்சிடும்படி 2023 டிசம்பரில் மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டாளர் உத்தரவிட்டார். உங்கள் பழைய சீட்டுக்கு அது தெரியாது. ஜுரம் சட்டென்று இறங்கும் என்று நீங்கள் சிபாரிசு செய்யும் மெஃபெனமிக் ஆசிட் மருந்து, வந்திருப்பது டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம்.

2017 பிப்ரவரியை மறந்துவிட்டோமா? 9 மாதம் முதல் 15 வயது வரையான பிள்ளைகளுக்குத் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி போடத் தமிழக அரசு பள்ளி பள்ளியாக வந்தது. யார் எழுதியதென்றே தெரியாத வதந்திகளை நாம்தான் கைமாற்றிக் கைமாற்றிப் பரப்பினோம். பயந்துபோன பெற்றோர் பலர் ஊசி வேண்டாமென்றார்கள். முகாமின் காலக்கெடுவையே அரசு நீட்டிக்க வேண்டி வந்தது.

குரூப்பைக் கலைக்கச் சொல்லவில்லை. பால் கட்டிக்கொண்டு அழுகிறவளுக்கும், தூக்கமில்லாமல் துவண்டுபோனவளுக்கும் "எங்க வீட்லயும் இப்படித்தான் இருந்துச்சு, சரியாயிடும்" என்று ஒரு குரல் பெரிய தெம்பு. அதைத் தாராளமாகக் கொடுங்கள். மருந்து என்று பேச்சு வந்தால் மட்டும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். தமிழகத்தில் 104 என்ற எண்ணில் இரவிலும் மருத்துவ ஆலோசனை கிடைக்கிறது. அந்த எண்ணை அனுப்புங்கள்.

மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல், பால் குடிக்க மறுக்கிறது, வலிப்பு, விலா உள்ளிழுக்க மூச்சு வாங்குகிறது என்று எவராவது எழுதினால் டைப் செய்துகொண்டிருக்காதீர்கள். உடனே அவரைப் போனில் கூப்பிட்டு, 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். பக்கத்துத் தெருவென்றால் நீங்களே கூடப் போங்கள்.